ஃபைல் எங்கே போகும்? கையேடு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபைலை இழுத்து வேண்டிய ஃபோல்டரில் விடவும்." ஃபைல் மேனேஜர் கையேடுகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். இப்படிச் செய்தபின் பழைய இடத்தில் ஃபைல் இருக்குமா, இருக்காதா? அந்த வரியில் பதில் இல்லை.

விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்து விட்டால் ஃபைல் இடம் மாறிவிடும். சி டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு இழுத்தால் நகல்தான் போகும். இது தெரியாதவர் டெஸ்க்டாப்பில் இருக்கும் கல்யாணப் போட்டோக்களை டாக்குமென்ட்ஸுக்கு இழுத்துவிட்டு, "இது நகல்தானே" என்று பிறகொரு நாள் அழித்துவிடலாம். அவரிடம் இருந்ததே அந்த ஒரு பிரதிதான். இப்படி எழுதினால் குழப்பம் இல்லை: "கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே ஃபைலை இழுத்து, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் விடவும். பழைய இடத்திலும் ஃபைல் அப்படியே இருக்கும்." இரண்டாவது வாக்கியத்தைத்தான் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் வாக்கியத்தைவிட அதுதான் முக்கியம்.

அழிப்பதைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். "டெலிட் அழுத்தவும், தவறினால் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்கலாம்" என்பது கம்ப்யூட்டரின் சொந்த டிரைவுக்குப் பொருந்தும். விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழித்தது வழக்கமாக அந்தத் தொட்டிக்கு வராது. ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலிட் அழுத்தினாலும் அதே கதைதான்.

லினக்ஸில் நிலைமை தலைகீழ். லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரில் பென் டிரைவில் உள்ளதை அழித்தால், அது அந்த டிரைவிலேயே '.ட்ராஷ்-1000' போன்ற பெயருள்ள மறைவான ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். (அந்த எண் பயனரின் அடையாள எண்.) எனவே "இடம் போதாவிட்டால் சில ஃபைல்களை அழிக்கவும்" என்ற அறிவுரையைக் கேட்டு எத்தனை ஃபைலை அழித்தாலும் இடம் அதிகரிக்காது. ட்ராஷை, அதாவது அங்கே ரீசைக்கிள் பின்னுக்கு இணையான தொட்டியை, காலி செய்யச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரிலிருந்து ட்ராஷுக்குப் போனவையும் சேர்ந்து அழியும் என்பதை அந்தப் படிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கையேடு படிப்பவர்கள் ஒரு வரி படித்து ஒரு வேலை செய்கிறார்கள். எச்சரிக்கை அடுத்த வரியில் இருந்தால், அதைப் படிப்பதற்குள் எல்லாம் போயிருக்கும்.

பதிப்பு எண் இல்லாத கையேடும் சீக்கிரமே பொய்யாகிவிடும். மறைந்த ஃபைல்களைக் காட்ட, விண்டோஸ் 10-இல் 'வியூ' டேபில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' கட்டம் இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று மெனுவுக்குள் போக வேண்டும். "ரைட் கிளிக் செய்து ரீநேமைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வரியும் இப்படித்தான் தடுமாற வைத்தது: விண்டோஸ் 11 வந்த புதிதில் அந்த மெனுவில் ரீநேம் என்ற எழுத்தே இல்லை, சின்ன ஐகான்தான் இருந்தது.

பிறர் எழுதிய கையேட்டைத் திருத்தச் சொல்லும்போது "புரியவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த வரி, எந்தப் பதிப்பு, அதில் சொன்னபடி செய்ததும் ஃபைல் எங்கே போனது, எங்கே போகும் என்று எதிர்பார்த்தீர்கள், இவற்றோடு நீங்கள் பரிந்துரைக்கும் மாற்று வரியையும் எழுதி அனுப்புங்கள். அனுப்புமுன், தேவையில்லாத நாலு ஃபைல்களைப் போட்ட சோதனை ஃபோல்டரில் அந்த மாற்று வரியை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.