வருஷக்கணக்கில் நின்ற பிக்கப்: ஜாம் ஆன டீசல் எஞ்சினைச் சுற்ற வைப்பது எப்படி

எஞ்சின் சுற்றவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ஓடும்போது நின்றதா, நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டதா?

தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் ஓட்டி, இழுத்து இழுத்து நின்றுபோன எஞ்சின் என்றால் பிஸ்டனின் அலுமினியம் ஸ்லீவில் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைச் சுவரில்) ஈஷியிருக்கும், இல்லையென்றால் பேரிங், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும். அதில் எதை ஊற்றினாலும் வீண். இறக்கி, பிரித்து, லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான். நல்லபடி ஓடிய வண்டியை ஓரமாக விட்டு, யாரும் தொடாததால் துருப்பிடித்து ஜாம் ஆனது என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் காப்பாற்றலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது ரகத்துக்குத்தான்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இந்த ரகம் நிறையவே உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, தேங்காய் ஏற்றிய வண்டிகளுக்கு வேலை இல்லாமல் போனது. தோப்பு ஓரம் நிறுத்தியவை அப்படியே நின்றன. அப்படி நின்ற ஒரு மஹிந்திரா பிக்கப்பை வைத்தே சொல்கிறேன். காமன் ரெயில் என்ற கம்ப்யூட்டர் டீசல் முறை வருவதற்கு முந்தைய டிஐ எஞ்சின் (டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ரகம்), 2523 சிசி, நான்கு சிலிண்டர். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு மூடி இல்லை. பானெட்டும் சரியாக மூடாது. மழைத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை.

வேலையில் இறங்குவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தையும் எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியையும் பாருங்கள். பேப்பர் சரியில்லாத வண்டிக்கு எஞ்சின் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன?

சரி, வண்டிக்கு வருவோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின்தான் ஜாமா என்பதை முதலில் உறுதி செய்யணும். ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட்டு டைனமோ, வாட்டர் பம்பு இரண்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். அதன் பல், எஞ்சின் பின்னால் இருக்கும் கனச் சக்கரமான பிளைவீலில் சிக்கிக்கொண்டு எஞ்சினே ஜாம் ஆனது போல் காட்டுவது உண்டு. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டால் அதையும் சிலர் எஞ்சின் ஜாம் என்கிறார்கள். அது இல்லை. அதில் எஞ்சின் சுற்றும், கியர்தான் விழாது.

அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ட்ரெய்ன் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனம், அடியில் நிற்கும், அதனால் அதுதான் முதலில் ஒழுகும். நான் சொன்ன வண்டியில் முதலில் துரு கலந்த தண்ணீர் வந்தது, பிறகுதான் கருப்பு ஆயில். வடித்த ஆயிலை வெயிலில் காட்டிப் பாருங்கள். மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்திக்கொண்டு எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, அதாவது ஆயில் சேம்பரை இறக்குங்கள்.

இப்போது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள். அவற்றைச் சுற்றியுள்ள மண்ணை மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே கழற்ற வேண்டும். டீசல் பைப் வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்து விடுங்கள், துணி வேண்டாம். ஒரு நூலிழை உள்ளே போனாலும் பிறகு நாசில் அடைக்கும். அடியில் இருக்கும் செம்பு வாஷர் குழியிலேயே தங்கிவிடும், அதையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அப்படியே எஞ்சின் தலையில் இருக்கும் டேப்பட் கவரையும் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் உள்ள ஷாஃப்டைக் கழற்றிவிடுவது என் பழக்கம். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. நின்ற எஞ்சினில் பிஸ்டன் மட்டுமல்ல, திறந்த நிலையில் இருந்த வால்வும் அதன் தண்டு ஓடும் கைடில் துருப்பிடித்து நிற்கும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு திறந்தே நின்றால் இடித்து வளையும். ராக்கரை எடுத்துவிட்டால் நல்ல வால்வெல்லாம் ஸ்பிரிங்கால் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் நிற்பது எது என்று கண்ணுக்குத் தெரியும். அதன் தண்டில் ஆயில் விட்டு, மரச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி விடுவியுங்கள். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளை ஒரு அட்டையில் துளை போட்டு, நம்பர் எழுதி, வரிசையாகக் குத்தி வையுங்கள்.

சிலிண்டருக்குள் என்ன ஊற்றுவது? பட்டறைக்குப் பட்டறை ஒரு மருந்து. பவர் ஸ்டீயரிங் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்தால் போதும் என்பது என் முடிவு. அசிட்டோன் கலந்தால் இன்னும் நன்றாக இறங்கும்தான். ஆனால் அது ஆயிலோடு சேர்ந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊற்றணும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு சிலிண்டருக்கு 50 மில்லி போல ஊற்றி, நாசில் குழியை மூடி, விட்டுவிடுங்கள்.

மறுநாள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளவு பாருங்கள். டிஐ எஞ்சினில் பிஸ்டன் தலையிலேயே ஒரு குழி இருக்கிறது, அதில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதற்கு மேல் இருந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியே இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. இறங்கிய சிலிண்டர் பிரச்சினை இல்லாதது. ஊற்றியது ஊற்றியபடி நிற்கிறது பாருங்கள், அங்கேதான் துரு பிடித்து வைத்திருக்கிறது. இந்த வண்டியில் மூன்றாவது சிலிண்டர் அப்படி நின்றது. எஞ்சின் நின்றபோது அதன் இன்லெட் வால்வு திறந்திருந்திருக்கிறது, ஏர் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீருக்கு நேர் வழி. இந்த ஊறல் ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அவசரப்பட்டவர்கள்தான் இதில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை வளைத்திருக்கிறார்கள்.

சுற்றிப் பார்க்கும்போது முன்பக்கக் கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி, இரண்டடி நீளக் கம்பியால் இறுக்கும் திசையில் மட்டும் அழுத்துங்கள். எதிர்த் திசையில் இழுத்தால் கிராங்க் சுற்றாது, போல்ட்தான் கழலும். எதிர்ப்பக்கம் அசைக்கணும் என்றால் செல்ஃப் மோட்டார் இருந்த ஓட்டை வழியாகப் பிளைவீல் பல்லில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்புங்கள். ஒரே மூச்சில் சுற்றிவிட நினைக்காதீர்கள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். ஒரு நூல் அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அசைந்ததும் இன்னும் ஆயில் ஊற்றிவிட்டு, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். மூன்றடி பைப்பை மாட்டி இரண்டு பேர் தொங்குவது, டிராக்டரில் கயிறு கட்டி டாப் கியரில் இழுப்பது, செல்ஃப் அடிப்பது எல்லாம் எஞ்சினை உடைக்கும் வழிகள்.

எல்லா சிலிண்டரும் ஆயிலை இறக்குகிறது, வால்வும் சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் டீசல் பம்பைச் சந்தேகப்படுங்கள். பழைய டீசல் உள்ளே காய்ந்து பம்பு ஜாம் ஆகியிருந்தால், அது டைமிங் கியர் வழியே கிராங்கையும் பிடித்து நிறுத்தும். பலத்தைக் காட்டினால் பம்பு ஷாஃப்ட் முறியும்.

ஊறப்போட்டும் மசியவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பிஸ்டன் மேலே ஸ்லீவில் தெரியும் துரு வளையத்தை எமரி பேப்பரால் முதலில் சுத்தம் செய்யுங்கள், பொடியைத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். அதில் தாராளமாக இறங்குகிற உருண்டை மரக்கட்டையை பிஸ்டன் மேல் வைத்து, கட்டை மேல் தட்டுங்கள். 1, 4-ஆம் பிஸ்டன்கள் ஒரு ஜோடி, 2, 3 ஒரு ஜோடியாக ஏறி இறங்கும். உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனைத் தட்டிப் பயனில்லை, அந்த அடி நேராகக் கிராங்குக்குப் போகுமே தவிர அதைச் சுற்றாது. நடு வழியில் நிற்பதைத்தான் தட்டணும். நான் சொன்ன வண்டிக்கு இவ்வளவு தேவைப்படவில்லை, ஊறலிலேயே இளகிவிட்டது.

கையால் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்த பிறகு, ராக்கரை மாட்டி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பட் இடைவெளி வைத்து, மறுபடி கையால் சுற்றுங்கள். சேம்பரில் இறங்கிய கலவையை வடித்து, புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். செல்ஃப் மோட்டாரையும் பேட்டரி வயரையும் திரும்ப மாட்டி, நாசில் இல்லாமலே, குழிகள் மேல் துணியைப் போட்டு செல்ஃப் அடியுங்கள். மிச்சம் இருப்பது பீய்ச்சி அடிக்கும், முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆயில் பிரஷர் லைட் அணையும்வரை விட்டு விட்டு அடிக்கலாம். நாசில்களை டீசல் பம்பு கடையில் டெஸ்ட் செய்து, புது செம்பு வாஷரோடு மாட்டுங்கள். டேங்கில் கிடக்கும் பழைய டீசல் வேண்டாம். புது டீசல், புது ஃபில்டர் போட்டு, ஃபீட் பம்பை அழுத்தி, ஏர் போல்ட்டில் குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பின் ஸ்டாப் லீவர் போய்த் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள். உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் ஒட்டியிருந்தால் எஞ்சின் எகிறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் ஏர் வாயை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும். கையையோ லேசான துணியையோ வைத்தால் உள்ளே இழுத்துவிடும்.

வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரத்தான் செய்யும். ஸ்லோவில் சூடாகவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் இன்னும் பிஸ்டனில் உள்ள தன் காடியில் (பள்ளத்தில்) ஒட்டியிருக்கிறது. சில வண்டியில் லோடு இல்லாமல் ஓட ஓட அது குறைந்துவிடும். அந்த பிக்கப்பில் குறைந்தது. குறையாமல், ஆயிலும் குடித்தால் ரிங் செட் மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான். எப்படியும் புதுசாக ஊற்றிய ஆயில் துருவும் கரியுமாக ஆகியிருக்கும், 200 கிலோமீட்டருக்குள் அதை வடித்துவிட்டு இன்னொரு தடவை மாற்றிவிட்டு லோடு ஏற்றுங்கள்.