ரெஃபரன்ஸ் பட்டியலில் என் அப்பா

போன சனிக்கிழமை பெங்களூரு மத்திகெரேயில் ஒரு பிஜி விடுதியின் மொட்டைமாடி. திருநெல்வேலியிலிருந்து பிஎச்டி செய்ய வந்திருக்கும் பெண் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "அக்கா, ரெஃபரன்ஸ் மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க. மத்ததெல்லாம் கைடு ஓகே சொல்லிட்டார்." ஆய்வுக்கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல், மொத்தம் 62. ஒன்பதாவதில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஆர், எஸ்." என்று இருந்தது. பத்து வருடம் முன்பு நான் செய்த அதே தப்பு.

ரெஃபரன்ஸ் பட்டியலில் நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகள் பற்றித்தான் இது. கமா, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஜர்னலின் குறிப்புகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் அரைநாளில் முடிகிற வேலை அது. பல ஜர்னல்கள் முதல் முறை அனுப்பும்போது எந்தப் பாணியானாலும் சீராக இருந்தால் போதும் என்றே எழுதியிருக்கின்றன. விடிய விடிய கமாவை நகர்த்துகிறவர்கள் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இனிஷியலைக் குடும்பப் பெயராக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். அது அப்பா பெயர். சிலருக்கு ஊரும் சேரும். எம். எஸ். சுவாமிநாதன் என்றால் மான்கொம்பு ஊர், சாம்பசிவன் அப்பா, சுவாமிநாதன்தான் அவர். ரெஃபரன்ஸ் மென்பொருளுக்கு இந்த விவரமெல்லாம் எங்கே தெரியும்? முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள், அவ்வளவுதான் அதன் உலகம். ரெஃபரன்ஸ் பட்டியலைத் தானாக அமைத்துத் தரும் பிப்டெக் இன்னும் மோசம். பெயரில் கமா இல்லாவிட்டால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். "ஆர். செல்வி" என்று இருந்தால் தப்பித்தோம். மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரி "செல்வி ஆர்" என்று இருந்தால் "ஆர்" குடும்பப் பெயராகிவிடும், செல்வி "எஸ்." என்று சுருங்கிவிடுவார். ஒன்பதாவது ரெஃபரன்ஸில் நடந்தது அதுதான். ஒரு ஆய்வாளரின் பெயரே காணாமல் போய், இரண்டு எழுத்து மிச்சம்.

என் கதை இதைவிடக் கேவலம். முதல் பேப்பரில், எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூத்த விஞ்ஞானியை மேற்கோள் காட்டியிருந்தேன். அவருடைய ஒரு பேப்பரின் தரவுத்தளப் பதிவில் மட்டும் கடைசிப் பெயர் பெட்டியில் அவர் அப்பா பெயர் முழுசாக இருந்தது. ஒரே க்ளிக்கில் இறக்கிக்கொண்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பட்டியலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை; கட்டுரைக்குள்ளேயும் மூன்று இடத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி "இவர் நிறுவியபடி" என்று எழுதியிருந்தேன். பேப்பரை மதிப்பிட்ட இரண்டாவது ரெவ்யூவரின் முதல் கருத்தே இதுதான்: 14-ஆம் ரெஃபரன்ஸில் இருப்பவர் இந்தத் துறையில் வேலை செய்ததில்லை, அவர் ஆசிரியரின் தந்தை. அந்த ரெவ்யூவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஊகம் மட்டும் உண்டு.

அதோடு விட்டாரா? மேற்கோள் காட்டியவற்றைப் படித்ததாகவே தெரியவில்லை, எல்லா ரெஃபரன்ஸையும் மூலத்தோடு ஒப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்று எடிட்டருக்கு எழுதிவிட்டார். அதற்கும் அடுத்த சுற்றுக்குமாக நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்துக்குள் கிட்டத்தட்ட அதே முடிவோடு வேறொரு குழுவின் பேப்பர் வெளியாகிவிட்டது. அறிவியலில் தப்பில்லை, ஒரு பெட்டியில் தப்பு.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பிப்டெக்கில் கமா போட்டு "செல்வி, ஆர்." என்று எழுதுங்கள். இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே கமா கூடாது, "ஆண்ட்" என்ற ஆங்கிலச் சொல் வர வேண்டும். ஸோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் இரண்டு பெட்டிகளையும் கையால் சரிபார்க்கலாம், பிரிக்க முடியாத பெயரை ஒற்றைப் பெட்டியில் வைக்கலாம். எது சொந்தப் பெயர் என்று குழப்பமாக இருந்தால் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தையும், அவரது மற்ற பேப்பர்களையும், ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் அவர் பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். அப்பா பெயரையே கடைசிப் பெயராக வைத்து எல்லாப் பேப்பரும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் தேர்ந்த பெயர். நம் வழக்கப்படி "திருத்தி" வைக்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பெயரையும் முதல் பேப்பருக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஜர்னல் படிவம் கடைசிப் பெயர் கட்டாயம் என்றது. நான் அப்பா பெயரைப் போட்டேன். இரண்டாவது பேப்பரில் இனிஷியலை முன்னால் தள்ளினேன். தரவுத்தளங்களில் நான் இரண்டு ஆள். கோவில்பட்டியில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இன்று ஒன்பது மேற்கோள்கள் இருக்கின்றன. சொன்னபோது, "அதுக்கு எதும் பென்ஷன் கூடுமா?" என்று கேட்டார்.

இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுப்பது

1928-இல் ராமன் விளைவு பற்றி வந்த இரண்டு பேப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ராமன் தனியாக எழுதியது, இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ், தொகுதி 2, பக்கம் 387. மற்றது ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து நேச்சரில் எழுதியது, தொகுதி 121, பக்கம் 501. மூலத்தைத் திறக்காமல் எடுத்தால் ஒன்றின் தலைப்பு மற்றதன் பக்க எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பாவம் கிருஷ்ணன் நடுவில் விழுந்துவிடுவார்.

இல்லாத பேப்பரே ஊர் சுற்றிய கதையும் உண்டு. எல்சேவியர் என்ற ஜர்னல் பதிப்பகம் தன் குறிப்புகளில், ரெஃபரன்ஸ் எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு கற்பனைப் பேப்பரை உதாரணமாகப் போட்டிருந்தது. அதையே நிஜம் போல ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பது 2017-இல் வெளியே வந்தது. மாதிரியாக இருந்த வரியை நீக்காமல் அனுப்பியவர்கள்தான் இதில் நிறைய என்று நினைக்கிறேன்.

ஏஐ கொடுத்த ரெஃபரன்ஸ்

டிஓஐயை, அதாவது பேப்பரின் நிலையான இணைய அடையாளத்தை, திறந்து பாருங்கள். திறந்தாலும் அதே பேப்பர்தானா என்று பாருங்கள்.

தலைப்பில் பெரிய எழுத்து

பிப்டெக்கின் பல பாணிகள் தலைப்பைச் சின்ன எழுத்தாக்கிவிடும். ராமனின் ஆர், டிஎன்ஏவின் மூன்று எழுத்து எல்லாம் குட்டியாகிவிடும். அந்தச் சொற்களுக்கு மட்டும் நெளி அடைப்புக்குறி போடுங்கள். மொத்தத் தலைப்புக்கும் போட்டுவிடாதீர்கள், ஜர்னல் பாணி வேலை செய்யாது.

ஜர்னல் பெயர்ச் சுருக்கம்

நீங்களாகச் சுருக்காதீர்கள். ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கவே கூடாது, நேச்சர் நேச்சர்தான்.

திரும்பப் பெறப்பட்ட பேப்பர்

ஸோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். மூடிவிட்டுப் போகாதீர்கள்.

ப்ரூஃபை அவசரமாக அனுப்புவது

வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க வரும் ப்ரூஃபுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள். ஓரத்தில் கேள்விகள் இருக்கும்: 23-இல் தொகுதி எண் இல்லை, 31 கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை. எல்லோரும் அதற்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பதிப்பகத்தில் ரெஃபரன்ஸைத் தரவுத்தளத்தோடு பொருத்தி மாற்றியிருப்பார்கள், நீங்கள் கையால் சரிசெய்த பெயர் பழையபடி புரண்டிருக்கலாம். அதைப் பற்றி ஓரத்தில் கேள்வி வராது. கைப்பிரதியைப் பக்கத்தில் வைத்து, பெயர்களை மட்டும் ஒரு தடவை வரிசையாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.