உள்ளே கிறிஸ்துவைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் அப்புத்தளை அடிஷாம் மடத்துக்குப் போய்வந்த இரண்டு பொடியன்கள் என்னிடம் வந்தார்கள். "அண்ணே, கிறிஸ்து உள்ளேயே இருக்கிறார், இனிப் புத்தகம் எதற்கு?" 12 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செபத்தில் தூங்கி விழுவது, நடுவில் போனைப் பார்ப்பது எல்லாம் தானாகத் திருந்தும், விடுங்கள்.

கண்ணீரைக் கணக்கு வைப்பது

செபத்தில் கண்ணீர் வந்தால் வரட்டும். வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

நற்செய்தியை மூடி வைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பீலியிலிருந்து, அதுதான் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்திலிருந்து, தண்ணிக் குழாய் இழுத்ததில் அண்ணனோடு தகராறு. ஏழு மாதம் பேச்சில்லை. தினமும் விடியுமுன் லயத்து வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) சாக்கை விரித்து உட்காருவேன். "நீ செய்தது சரிதான்" என்று உள்ளே பதில் வரும். என் கிறிஸ்து ஒரு நாளும் என்னை மறுத்துப் பேசியதில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ஒரு ஞாயிறு பூசையில் மத்தேயு 5:23 வாசித்தார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்கிற இடம். கவனியுங்கள்: உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றில்லை, அவனுக்கு உன்மேல் இருந்தால். இது சத்தியமாக எனக்குள்ளிருந்து வந்திருக்காது. அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி பிளேன்டி ஊற்றினார். குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பவுலைப் பாருங்கள். கடவுள் தம் மகனை எனக்குள் வெளிப்படுத்தினார் என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர். அதே பக்கத்தில், மூன்று வருடத்துக்குப் பிறகு எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும் சொல்கிறார். ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசாவும் கொஞ்சக் காலம் இயேசுவின் மனித வாழ்வை ஒதுக்கிவிட்டுத் தியானித்தவர்தான். தன் வரலாற்றின் 22ஆம் அதிகாரத்தில் அதற்காக வருந்துகிறார். 1577இல் ஆன்மாவை ஏழு மாளிகைகளாக எழுதியபோதும் ஆறாவதில் நின்று, அவருடைய மனித வாழ்வை ஒதுக்காதீர்கள் என்று எச்சரித்தார்.

செபம் வறண்டுபோன நேரத்தில் முடிவை மாற்றுவது

கூடாது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் அப்போதே சொல்லிவிட்டார்.

ஒரேயடியாக வாசித்துத் தள்ளுவது

நற்செய்தியில் ஒரு காட்சி போதும். வாசித்துவிட்டு மூடுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். உங்களைக் குத்துகிற வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பொடியன்களிடம் மாற்கு நற்செய்தியைக் கொடுத்தனுப்பினேன், 16 அதிகாரம்தான். நாலு நாள் கழித்து ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணே, மூன்றாம் அதிகாரத்திலேயே இயேசு கோபப்படுகிறாரே!"