விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை

டேஷ்போர்டில் ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் முறை) விளக்கு எரியும், ஆனால் சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுற்றும். எங்கள் பழைய டீசல் பிக்கப் காலையில் ஒழுங்காக இழுக்கும். எஞ்சின் சூடேறினால் போச்சு.

எஞ்சின் விசையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆயில் மாற்றினோம். வேக்குவத்தை (காற்றை உறிஞ்சும் விசை) திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டை மாற்றினோம். காசுதான் போனது. அப்புறம் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சின் ஓட ஃபோர் வீல் போட்டு ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், அசையவே இல்லை. முன் ஆக்ஸிலின் (சக்கர அச்சு) இரு துண்டுகளை வேக்குவத்தால் நகர்ந்து இணைக்கும் ஆக்சுவேட்டர் நகரவில்லை. விளக்கின் சுவிட்ச் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது, அதற்கு இது எங்கே தெரியும்!

"பிரேக் நல்லா பிடிக்குதே, வேக்குவம் சரியாத்தான் இருக்கு" என்றார் மெக்கானிக் அண்ணன். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் வேக்குவத்தில்தான் ஓடுகிறது, ஆனால் அதற்குத் தனி ஒருவழி வால்வு உண்டு. சின்னக் கசிவை அது காட்டிக்கொடுக்காது. ஆக்சுவேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை வேக்குவம் கைப்பம்பில் சோதித்தபோது, குளிரில் அளவு முள் நின்றது, சூட்டில் இறங்கியது. கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. ரப்பர் இளகினால் வாய் திறக்கிறது. கிளிப்பைக் கழற்றாமல் கண்ணில் படாது.

ஹோஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆக்சுவேட்டருக்கு இரண்டு ஹோஸ்கள் வருகின்றன. கழற்றும் முன் ஒன்றில் டேப் சுற்றிவிடுங்கள், மாறினால் வேலை தலைகீழாகும்.