ஈகிள் ஸ்கவுட் ஆன பிள்ளைக்குக் காட்டில் ஒரு கடிதப்பெட்டி

எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்ற ஆண்டு ஈகிள் ஸ்கவுட் ஆனான். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் அதுதான் உச்சப் படி. குறைந்தது 21 தகுதிச் சின்னங்கள் பெற வேண்டும், ஊருக்குப் பயன்படும் சேவைத் திட்டம் ஒன்றை முன்னின்று நடத்த வேண்டும். எல்லாம் 18 வயது நிறைவதற்குள். இவன் கனெக்டிகட் காட்டுப் பாதை ஒன்றில், சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாலம் போட்டான். கேக் வெட்டிக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாலத்தின் மேல் ஊரையே நடக்கவைக்க ஆசைப்பட்டேன். அதற்கு ஏற்ற விளையாட்டு கடிதப்பெட்டி வேட்டை: ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அவர் எழுதிய குறிப்பைக் கொண்டு மற்றவர்கள் நடந்து தேடுவது.

1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில், வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்குவரை நடந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். இன்று போத்தலுக்குப் பதில் பெட்டி, அட்டைக்குப் பதில் ரப்பர் முத்திரை. தேடிவருபவர் தன் முத்திரையைப் பெட்டியின் குறிப்பேட்டில் பதிப்பார். பெட்டியின் முத்திரையைத் தன் ஏட்டில் பதித்துக்கொள்வார். ஜி.பி.எஸ். தேவையில்லை.

படி 1: அனுமதி

நிலத்தைப் பராமரிப்பவரிடம் முதலில் கேளுங்கள். கனெக்டிகட் மாநிலக் காடுகளிலேயே கடிதப்பெட்டிகள் உண்டு என்பதால் விளக்குவது எளிது. ஆனாலும் கேட்காமல் வைக்கக் கூடாது.

படி 2: முத்திரை

உயிர்நாடி இதுதான், ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். சாரணர் அமைப்பின் கழுகுச் சின்னத்தைச் செதுக்க வேண்டாம். அது அமைப்பின் உடைமை, மேலும் ஈகிள் ஸ்கவுட் ஆன எல்லோருக்கும் பொதுவானது. பிள்ளை தன் கையால் செய்ததைச் செதுக்குங்கள். நான் பாலத்தையும் அதன் ஓரத்துப் பன்னச் செடிகளையும் எடுத்துக்கொண்டேன்.

டிரேசிங் தாளில் பென்சிலால் அழுத்தமாக வரையுங்கள். தாளைக் கவிழ்த்து, செதுக்குவதற்கென விற்கும் மென்மையான ரப்பர் கட்டியின் மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறிப் பதியும். அப்படித்தான் பதிய வேண்டும், அச்சில் நேராகிவிடும். லினோ உளியால் கோடுகளுக்கு வெளியே உள்ளதை அகற்றுங்கள். உளியை அசையாமல் பிடித்து ரப்பரைத் திருப்பினால் வளைவுகள் வழுவழுப்பாக வரும். கோட்டின் அடிப்பகுதியைக் குடைந்துவிடாதீர்கள். மலைச்சரிவு போல அடி அகன்றிருந்தால்தான் நூறு பேர் பதித்தாலும் தாங்கும்.

படி 3: பெட்டி

நான்கு பக்கமும் பூட்டும் மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பா. குறிப்பேடு, முத்திரை, மை அட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜிப் பை. என் முதல் குறிப்பேட்டுக்கு ஒற்றைப் பைதான் போட்டேன். ஒரே மழையில் கூழாகிவிட்டது. இப்போது இரட்டைப் பை. தின்பண்டம் எதையும் வைக்காதீர்கள், கரடி மோப்பம் பிடித்துவிடும். மூடியின் மேல் "கடிதப்பெட்டி, ஆபத்தற்றது" என்று எழுதுங்கள்.

படி 4: ஒளிக்கும் இடம்

குழி தோண்டக் கூடாது. பழைய பண்ணைகளின் கல்மதில்கள் இந்தக் காடுகளெங்கும் ஓடுகின்றன. அவற்றில் வைத்தால் தேடுபவர்கள் கற்களைப் பிரித்துப் போடுவார்கள். விழுந்த மரத்தின் அடியோ வேரிடுக்கோ போதும். சுற்றிலும் மூவிலை விஷப்படர்கொடி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊரே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நீண்ட காற்சட்டை அணியச் சொல்லிக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: குறிப்பு

பிள்ளையின் பெயரைக் குறிப்பில் போடாதீர்கள். அவன் வேலையைப் போடுங்கள். நான் எழுதியது:

"நீல அடையாளங்களைப் பின்தொடர். பாலத்தின் பலகைகளை எண்ணிக்கொள். கரையேறியதும் பாதையிலேயே அத்தனை காலடி நட. நின்று 60 பாகை நோக்கு: இரட்டைத் தண்டு ஓக் மரம். அதன் முதுகுப்புறம் தேடு."

பலகைகளை எண்ணாமல் யாரும் பெட்டியை எட்ட முடியாது. அவன் அறைந்த ஒவ்வொரு பலகையையும் வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒரு காலடி என்பது ஓர் எட்டா, இரண்டா என்று சொல்லிவிடுங்கள். பாகை திசைகாட்டி முள் காட்டும் வடக்கிலிருந்தா, வரைபட வடக்கிலிருந்தா என்பதையும் எழுதுங்கள். கனெக்டிகட்டில் இவ்விரண்டுக்கும் சுமார் 13 பாகை வேறுபாடு. ஐம்பது எட்டுத் தள்ளி நிற்கும் மரம் தப்பிப்போக அது போதும். எழுதியதும், காட்டை அறியாத ஒருவரிடம் கொடுத்து நடக்கவிடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள்.

படி 6: முதல் பக்கம்

குறிப்பேட்டின் முதல் பக்கம் பிள்ளைக்கு உரியது. எதற்கென்று சொல்லாமல் குறிப்புத் தாளை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் பையன் பலகைகளை எண்ணத் தொடங்கி, ஏழாவதில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

பனிக்காலம் முடிந்ததும் போய் மை அட்டையை மாற்றிவிடுங்கள். குறிப்பேடு நிரம்பினால் அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.