பேச்சு வராத பிள்ளையோடு ஆசாரிப்பள்ளம் போகும்முன்

"மக்களே, அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான்." மாமியார் சொன்ன இந்த ஒரு வார்த்தையை நம்பி ஐந்து மாதத்தைப் போக்கியவள் நான். ஒன்றரை வயசாகியும் ஒரு சொல் வரவில்லையா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, கிளம்பிவிடுங்கள்.

படி 1: சீட்டு வாங்குவது
அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளின் உடல்நலம், வளர்ச்சியைச் சோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய திட்டம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள். குழு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடமே ரெஃபரல் சீட்டு வாங்கலாம்.

படி 2: டி.இ.ஐ.சி. (வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட மையம்)
நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதற்கான மையம். கட்டணம் இல்லை.

பேச்சு தாமதம் என்றாலே முதலில் காதைச் சோதிப்பார்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். பெரா டெஸ்டுக்கு, அதாவது தலையில் வயர் ஒட்டிக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, பிள்ளை தூங்க வேண்டும். என் மகன் தக்கலையில் பஸ் ஏறியதும் தோளில் சாய்ந்து தூங்கினான். ஆசாரிப்பள்ளத்தில் இறங்கினதும் பளிச்சென்று விழித்து, மத்தியானம் வரை வராந்தாவில் ஓட்டம். தலையில் ஒட்டும் வயரைப் பார்த்ததும் ஒரே அலறல். டெஸ்ட் நடக்கவில்லை.

அடுத்த தடவை விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் நிற்கவைத்து, ஒவ்வொரு திராட்சையாகக் கொடுத்துக் கண்ணை மூடவிடவில்லை. பாலை டெஸ்ட் அறை வாசலில்தான் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டான். தூக்க மருந்து வேண்டுமா என்பதை அங்கே டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டிலிருந்து எதையும் கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

வளர்ச்சி மதிப்பீட்டு நாளில் நேர் எதிர்: நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு வரவேண்டும். புது ஆளைப் பார்த்தால் வீட்டில் செய்வதில் பாதியைக்கூட நம் பிள்ளைகள் செய்யாது. விளையாடுவது, சாப்பிடுவது, கூப்பிட்டும் திரும்பாதது என்று மூன்று சின்ன வீடியோ போனில் வைத்திருங்கள். மற்றபடி எனக்கு ஆப் எதிலும் நம்பிக்கை இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்: தேதி, புதிதாக என்ன செய்தான், அவ்வளவுதான். அந்த நோட்டைத்தான் டாக்டர் உட்கார்ந்து வாசித்தார்.

படி 3: யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை)
அரசின் சுவாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து வயசுக்குள் தரும் மாற்றுத்திறனாளி சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. முடியும் தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்துவையுங்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பின்சேர்க்கை: குலசேகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார், அட்டை வந்தபிறகுதான் பயிற்சி தொடங்குமா என்று. இல்லை. அட்டை உதவித்தொகைக்கும் சலுகைக்கும்தான். பயிற்சியை முதலில் தொடங்கிவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ஆதாரில் 'இன்னாரின் குழந்தை' என்று இருக்கிறதாம். முதலில் சான்றிதழில் பெயரைச் சேருங்கள். ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசம், பிறகு தாமதக் கட்டணம் உண்டு. அதை வைத்து ஆதாரைத் திருத்தி, கடைசியாக யு.டி.ஐ.டி.க்குப் போங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதும் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும்.