ஸ்லே தி ஸ்பையர்: 'கார்டே வரல' என்று சொல்லும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

கார்டுகளைச் சேர்த்து டெக் (கார்டுக் கட்டு) அமைத்து, அவற்றால் எதிரிகளை அடித்துக் கோபுரம் ஏறும் வீடியோ கேம், மெகா கிரிட் நிறுவனத்தின் ஸ்லே தி ஸ்பையர். இது 2019 ஜனவரியில் முழு வடிவில் வெளியானது. கோபுரம் ஏறும் வழி, எதிரிகள், பரிசாக வரும் கார்டு, கடையில் இருக்கும் சரக்கு எல்லாமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கப்படும். அதனால் தோற்றதும் வாயில் வருவது "கார்டே வரல" என்பதுதான். ஆனால் அஸென்ஷன் 20 என்ற உச்சக் கடினத்தில், நான்காவது ஆக்டில் (கோபுரத்தின் கடைசிப் பகுதியில்) இருக்கும் ஹார்ட் என்ற இறுதி எதிரியையும் சாய்த்து, நடுவில் ஒரு தோல்விகூட இல்லாமல் பத்து ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து ஜெயித்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் விழுவது இதே குலுக்கல்தான்.

அதிர்ஷ்டமே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. முதல் கையில் என்ன ஐந்து கார்டு வரும், எந்த எலைட் (சாதாரண எதிரியைவிட வலியவன்) எதிரே நிற்கும் என்பதெல்லாம் நிஜமான அதிர்ஷ்டம். ஆனால் அதில் பெரும்பகுதி நீங்கள் முடிவெடுக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கை வந்த பிறகுதான் ஆடுகிறீர்கள். எதிரி இந்தச் சுற்றில் எத்தனை அடிக்கப்போகிறான் என்று அவன் தலைக்கு மேலேயே எண் தெரிகிறது. ஆக்டின் கடைசியில் எந்த பாஸ் (பெரிய எதிரி) என்பது முதல் தளத்திலேயே வரைபடத்தின் உச்சியில் படமாக இருக்கிறது. கண்முன் இருக்கும் இந்தத் தகவலைப் பயன்படுத்தாமல் விடுவதில்தான் கீழே வரும் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. எண்கள் யாவும் அஸென்ஷன் 0-க்கானவை. வேறாக இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

உயிரைச் சேமித்து வைப்பது

புதிதாக ஆடுபவர்கள் உயிரைச் சேமிப்புப் பணம்போல் பார்க்கிறார்கள். எலைட்டைச் சுற்றிக்கொண்டு போவது, தூங்கி உயிரேற்றவோ ஒரு கார்டை மேம்படுத்தவோ முடியும் ஓய்விடம் வந்தாலே படுத்துவிடுவது. ஆக்ட் பாஸைக் கொன்றதும் உயிர் முழுதாக நிரம்பிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அஸென்ஷன் 5-லிருந்துகூட, இழந்ததில் 75% திரும்பி வருகிறது. ஆகவே 60 உயிரோடு பாஸை முடித்தாலும் 6 உயிரோடு முடித்தாலும் அடுத்த ஆக்டின் தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கையில் இருக்கும் ரெலிக்கிலும் (ஆட்டம் முழுதும் பலன் தரும் பொருள்) மேம்படுத்திய கார்டிலும்தான். எலைட்டை வென்றால் ஒரு ரெலிக் நிச்சயம். முதல் ஆக்டில் ஒரு எலைட்டையும் தொடாமல் போனவர் இரண்டாம் ஆக்டில் ஸ்லேவர்கள் என்ற மூவர் எலைட் கூட்டத்திடம் அடிபட்டுச் சாகும்போது, அது ஸ்லேவர்களின் தப்பு இல்லை.

ஹெக்ஸாகோஸ்ட் என்ற முதல் ஆக்ட் பாஸை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் சும்மா இருப்பான். இரண்டாம் சுற்றில் ஆறு முறை அடிப்பான். ஒவ்வொரு அடியின் அளவு, அப்போது உங்களிடம் இருக்கும் உயிரை 12-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, 1 கூட்டினால் வருவது. பாஸுக்கு முந்தைய ஓய்விடத்தில் அயர்ன்கிளாட் என்ற கதாபாத்திரம் 50 உயிரோடு நிற்கிறார் என்று வையுங்கள். தூங்கினால் உச்ச உயிரான 80-இல் 30%, அதாவது 24 கிடைத்து 74 ஆகும். தூங்காமல் போனால் அந்த அடி 5 × 6 = 30. தூங்கிவிட்டுப் போனால் 7 × 6 = 42. கிடைத்த 24-இல் 12 அந்த ஒரே சுற்றில் போய்விடுகிறது. மிச்சம் 12 உயிருக்காக ஒரு கார்டை மேம்படுத்தும் வாய்ப்பை விட்டுவிட்டீர்கள். அவருடைய பேஷ் என்ற கார்டை மேம்படுத்தியிருந்தால் 8 அடி 10 ஆகியிருக்கும். எதிரிக்கு ஒன்றரை மடங்கு அடி விழவைக்கும் வல்னரபிள் நிலை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று நின்றிருக்கும். இதே கணக்கு கார்டியன் பாஸுக்குப் பொருந்தாது. அதனால்தான் உச்சியில் எந்தப் படம் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

'தற்காப்பு எப்போதும் பாதுகாப்பு' என்று நினைப்பது

கிரெம்லின் நாப் என்ற எலைட்டிடம் செத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். 82 முதல் 86 உயிர். முதல் சுற்றில் கத்துவான், அடிக்க மாட்டான். அதன் பிறகு நீங்கள் ஸ்கில் வகைக் கார்டு ஒன்று போடும்போதெல்லாம் அவனுக்கு 2 பலம் நிரந்தரமாக ஏறும். டிஃபெண்ட் என்ற தொடக்கத் தற்காப்புக் கார்டும் ஸ்கில்தான். இரண்டு டிஃபெண்ட் போட்டால் 10 பிளாக் (அடியைத் தடுக்கும் அளவு) கிடைக்கும். அவனுக்கு 4 பலம் ஏறும். 14 அடிக்க வேண்டியவன் 18 அடிப்பான். அந்தச் சுற்றில் நிகர லாபம் 6. அடுத்த அடியில் 4 கூடுதல் என்பதால் லாபம் 2 ஆகக் குறையும். மூன்றாவது அடியில் 2 நஷ்டம். சண்டை அதற்குமேல் நீண்டால் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும். இன்னும் இரண்டு அடிக்குள் அவன் விழுவான் என்றால் டிஃபெண்ட் போடலாம். இல்லையென்றால் கையிலேயே வைத்துக்கொண்டு அடியுங்கள்.

இதற்குத் தயாராவது சண்டைக்குள் அல்ல. ஆறாம் தளத்துக்கு முன் எலைட் வராது. முதல் ஆக்டின் முதல் மூன்று சாதாரணச் சண்டைகள் எளிய எதிரிகளின் தொகுப்பிலிருந்தே வரும். அந்த மூன்றையும் முடிந்தவரை சீக்கிரம் சண்டையிட்டு, ஸ்ட்ரைக் என்ற தொடக்க அடி கார்டைவிட நன்றாக அடிக்கும் கார்டு இரண்டு மூன்று எடுத்துக்கொண்டால் நாப் சாதாரண ஆள் ஆகிவிடுவான். அந்த நேரத்தில் மூன்றாம் ஆக்டில் பயன்படும் ஒரு மெதுவான கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏழாம் தளத்தில் செத்தால், தவறு நடந்தது இரண்டாம் தளத்தில்.

லாகவுலின் என்ற எலைட் இதற்கு நேர் எதிர், தூங்கிக்கொண்டிருப்பான். தானாக விழிக்க மூன்று சுற்று எடுத்துக்கொள்வான். நல்ல கை வருமுன் தட்டி எழுப்பாதீர்கள். அந்த இடைவெளியில் சண்டை முடியும்வரை பலன் நிற்கும் பவர் கார்டுகளை இறக்குங்கள்.

வராத கார்டுக்காகக் காத்திருப்பது

யாரோ ஒருவர் பிளாக்கைச் சேர்த்து அதையே அடியாக்கும் பேரிகேட், என்ட்ரெஞ்ச், பாடி ஸ்லாம் மூன்று கார்டுகளையும் வைத்து ஆடியதைப் பார்த்துவிட்டு, முதல் தளத்திலேயே 'இன்று பிளாக் டெக்' என்று முடிவுசெய்பவர்கள் அதிகம். எண்ணிப் பாருங்கள். சாதாரணச் சண்டைப் பரிசில் ஒரு கார்டு அரிய வகையாக இருக்கும் அடிப்படை வாய்ப்பு 3%. ஆட்டத் தொடக்கத்தில் அதிலிருந்து 5 கழிக்கப்படுகிறது. சாதாரண வகைக் கார்டு ஒன்று கண்ணில் பட்டால் 1 கூடும். அரிய கார்டு ஒன்று வந்ததும் மறுபடி பழைய இடத்துக்குப் போகும். முதல் சண்டையின் பரிசில் அரிய கார்டு வரவே வராது. அயர்ன்கிளாடுக்கு அரிய கார்டுகள் 16. ஒன்று வந்தாலும் அது பேரிகேட்டாக இருக்க 16-இல் 1 பங்குதான் வாய்ப்பு. இதை நம்பி ஐந்து நல்ல கார்டுகளைத் தள்ளிவிட்டு, கடைசியில் "வரல" என்றால் யாரைக் குறை சொல்வது?

பரிசுத் திரையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அடுத்து வரக்கூடிய எலைட், அடுத்த பாஸ், அடுத்த ஆக்டின் கூட்டமான எதிரிகள், இந்த மூன்றில் எதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை? பதில் தரும் கார்டை எடுங்கள். எதுவும் தரவில்லை என்றால் ஸ்கிப். 'இலவசமாகக் கிடைக்கிறதே' என்று எடுக்கும் கார்டு இலவசம் அல்ல. 12 கார்டு டெக்கில் ஒரு முக்கியமான கார்டு முதல் கையில் வரும் வாய்ப்பு 42%, இரண்டாம் சுற்றுக்குள் 83%. அதே டெக் 30 கார்டாக வீங்கினால் இவை 17%, 33% என்று இறங்கிவிடும். கடையில் ஒரு கார்டை நீக்க முதல் முறை 75 பொன், பிறகு ஒவ்வொரு முறையும் 25 கூடுதல். ஸ்ட்ரைக் ஒன்றை நீக்குவது பல சமயம் புதுக் கார்டு வாங்குவதைவிட மேல்.

ஆனால் 'சின்ன டெக்கே நல்ல டெக்' என்பதும் அரைகுறைப் பாடம்தான். டைம் ஈட்டர் என்ற மூன்றாம் ஆக்ட் பாஸ் நீங்கள் 12 கார்டு போட்டதும் சுற்றை முடித்துவிடுவான். ஹார்ட் ஒவ்வொரு கார்டுக்கும் உங்களுக்கு 1 அடி கொடுக்கும். முதல் சுற்றிலேயே ஐந்து குப்பைக் கார்டுகளை டெக்கில் கலக்கும், கூடவே உங்களை வல்னரபிள் ஆக்கும். இரண்டாம் சுற்றில் அது அடிப்பது 36 அல்லது 60. குட்டிக் கார்டுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் டெக் அங்கே தானாகவே தேய்ந்து சாகும்.

சீட்டுக்கட்டில் மிச்சம் என்ன என்று எண்ணாதது

ரம்மி ஆடுபவர்கள் கீழே விழுந்த சீட்டைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். இங்கே ஆட்டமே எண்ணிக் கொடுக்கிறது. திரையின் கீழ் இடது மூலையில் எடுக்கும் கட்டைத் தட்டினால் மிச்சம் இருப்பது தெரியும், வரிசை மட்டும் தெரியாது. அயர்ன்கிளாடின் தொடக்க டெக் 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பேஷ். முதல் கையில் 3 டிஃபெண்டும் 2 ஸ்ட்ரைக்கும் வந்துவிட்டால், அடுத்த கை என்னவென்று இப்போதே தெரியும்: பேஷ், 3 ஸ்ட்ரைக், 1 டிஃபெண்ட். அடுத்த சுற்றில் உங்களால் போடக்கூடிய பிளாக் 5-க்கு மேல் இல்லை. இது தெரிந்தும் தெரியாமலும் முதல் கையை ஆடுவது ஒன்றல்ல.

கார்டு போடும் வரிசையும் இதில் சேரும். பேஷ் போட்டுவிட்டு ஸ்ட்ரைக் போட்டால் 8 + 9 = 17. ஸ்ட்ரைக்கை முதலில் போட்டால் 14. கார்டு இழுக்கும் கார்டு கையில் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், பிறகு கார்டு போடச் செலவாகும் எனர்ஜியை எங்கே செலவழிப்பது என்று யோசியுங்கள்.

போஷனோடு சாவது

சண்டை முடிந்ததும் போஷன் (ஒருமுறை பயன்படுத்தும் மருந்து) விழும் வாய்ப்பு தொடக்கத்தில் 40%. விழுந்தால் அடுத்த முறை 10 குறையும். விழாவிட்டால் 10 கூடும். வைக்க மூன்று இடம், அஸென்ஷன் 11-லிருந்து இரண்டு. இடம் நிரம்பியிருக்கும்போது விழும் போஷனுக்கு ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தூக்கிப்போட வேண்டும். 'பாஸுக்கு வைத்துக்கொள்வோம்' என்று சேர்த்து, எலைட்டிடம் மூன்று போஷனோடு சாவது இந்த ஆட்டத்தின் மிகச் சாதாரணமான காட்சி. எலைட்டில் ஒரு போஷன் 15 உயிரை மிச்சப்படுத்தினால், அடுத்த ஓய்விடத்தில் தூங்குவதற்குப் பதில் கார்டை மேம்படுத்தலாம்.

முடிவை வைத்துத் தீர்மானத்தை எடைபோடுவது

இதுதான் திறமை வளர்வதை நிறுத்திவைக்கும் தவறு. எடுக்கும் கட்டில் 5 கார்டு மிச்சம்; அதில் 2 வந்தால் எதிரி இப்போதே சாவான். ஒரு கார்டு இழுக்கும் ஸ்கில் கையில் இருக்கிறது. இழுத்துத் தவறினால் 20 உயிர் போகும், அதற்குமேல் அந்தச் சண்டையில் வேறு இழப்பு இல்லை என்று வையுங்கள். பிளாக் போட்டால் இந்தச் சுற்றில் 8 மட்டும் போகும். சூதாட்டத்தின் சராசரி இழப்பு 60% × 20 = 12. அடுத்த சுற்றில் எதிரி எப்படியும் சாவான் என்றால் பிளாக்கே சரி. இழுத்து வென்றாலும் அது தவறான ஆட்டம்தான். பிளாக் போட்டுவிட்டு அடுத்த சுற்றிலும் 8 வாங்க வேண்டியிருந்தால் இழப்பு 16. அப்போது இழுப்பது சரி, தவறிப்போனாலும் சரி. உங்கள் உயிரே 18 என்றால் கணக்கு மாறிவிடும்: இழுத்தால் 60% சாவு. பிளாக்தான் வழி.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று, நியோ கொடுக்கும் தொடக்க வரம் பிடிக்கவில்லை என்று ஆட்டத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. முந்தைய ஆட்டத்தில் முதல் பாஸ் வரை போகாவிட்டால் நியோ நான்குக்குப் பதில் இரண்டே வரங்களைத்தான் நீட்டும். தவிர, மோசமான தொடக்கத்தை ஓட்டிச்செல்லும் பழக்கம் அஸென்ஷன் ஏற ஏறத் தேவைப்படும். அதை நல்ல தொடக்கங்களில் கற்க முடியாது.

தோற்ற ஆட்டத்தைச் சோதிக்கக் கருவியும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓடிய ஆட்டங்களின் பட்டியலில் ஒவ்வொரு தளத்திலும் எவ்வளவு உயிர் போனது, எந்தக் கார்டை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று பதிவாகியிருக்கும். செத்த தளத்தைப் பார்க்காதீர்கள். சாதாரணச் சண்டையில் 15-க்கு மேல் உயிர் போன முதல் தளத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய மூன்று கார்டுத் தேர்வுகளைப் பாருங்கள். பிறகு அந்த ஆட்டத்தின் சீட் (seed) எண்ணை, அதாவது குலுக்கலைத் தீர்மானிக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே கதாபாத்திரம், அதே அஸென்ஷனில் அந்த எண்ணைக் கொடுத்துத் தொடங்குங்கள். வரைபடமும் பாஸும் அப்படியே இருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் வேறு கார்டு எடுத்து ஆடிப் பாருங்கள். சீட் கொடுத்த ஆட்டத்தில் சாதனைகள் பதிவாகாது, பரவாயில்லை. இப்படி ஆடியும் அதே இடத்தில் விழுந்தால், இன்னும் முந்தைய ஒரு திருப்பத்தில், பெரும்பாலும் எந்தப் பாதையில் ஏறினீர்கள் என்பதில், மாற்றிப் பாருங்கள்.